சரக்குச் சீட்டு

மாமாங்கம் சைடிங்கில்
வேகன் எண் எழுதுவது என் வேலை.
"யார் சண்டையிலும் நாங்கள் இல்லை" என்ற நாட்டுக்கு
மாதம் நாலு வேகன் வெள்ளைக்கல்.
உலைக்கு உட்சுவர் கட்டவாம்.
எந்த உலை, என்ன உருகும்,
நான் கேட்கவில்லை.

ஆடியில் பதினொன்று.
கார்த்திகையில் ராத்திரியும் வெட்டு.
கூடையோடு தூங்கி விழுந்தாள் பாவாயி,
முழங்கை பிசகி.
அரைநாள் கூலி போச்சு.

கப்பல் ஒன்று மூழ்கியதாம்.
தந்தி வந்தது: அதே கல், திரும்பவும், உடனே.
மாலுமிகளைப் பற்றி இல்லை.
தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு.

ஒரு புதன்கிழமை
பெறுநர் பெயர் மாறியது.
கம்பெனியை அடித்துவிட்டுப்
படைத்துறை என்று எழுதினேன்.

அந்த நாடு போரில் இறங்கிய சேதி
செவ்வாய்ப்பேட்டைக்குப் பேப்பரில் வர
இன்னும் ஒன்பது நாள்.
அதற்குள் இருபத்தாறு வேகன்.