நாலாயிரம் ஹேர்ட்ஸ்

கதவைச் சாத்தினால் ஆஸ்பத்திரி அணைந்துவிடும்.
ஜெனரேற்றர், ட்ரொலிச் சில்லு,
வாட்டிலிருந்து யாரோ கத்திக் கூப்பிடுவது,
எல்லாம்.
கண்ணாடிக்கு அப்பால் முஸம்மில்,
கிண்ணியா, முப்பத்தெட்டு வயது,
கைக்குள் ஒரு பொத்தான்.
"கேட்டா அமத்துங்க.
கேட்ட மாதிரி இருந்தாலும் அமத்துங்க."

இருநூற்றைம்பது. அமத்தினார்.
ஐந்நூறு. ஆயிரம்.
துறைமுகத்தில் கப்பல் ஊதுவதெல்லாம்
இதற்கும் கீழேதான், அது பத்திரம்.
இரண்டாயிரத்தில் யோசித்தார்.
நாலாயிரத்தில்
நான் ஏற்றுகிறேன், இன்னும் ஏற்றுகிறேன்,
அவர் சுவரில் போகும் எறும்பைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

வலதுக்குச் சிவப்பு வட்டம்.
இடதுக்கு நீலப் புள்ளடி,
வாக்குச் சீட்டில் போடுவதுபோல்.
இரண்டு கோடும் ஒரே இடத்தில்
கிணற்றுக்குள் விழுந்தன.

உள்ளே நடப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.
வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.
இவருக்கும் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்:

குறுணி அரிசியளவு எலும்பொன்று
ஒரு யன்னலைத் தட்டுகிறது.
சுருண்டு கிடக்கும் கடல் நெளிகிறது.
கடல்தான், நாக்கில் வைத்தால் கரிக்கும் அதே உப்பு.
தடித்த சத்தம் கடைசிச் சுருள்வரை போய்த்தான் எழும்பும்.
மெல்லியது வாசலிலேயே உடையும்,
நிலாவெளியில் காலை நனைத்துத் திரும்பும்
சின்ன அலைபோல.
எந்த இடத்தில் எழும்பியதோ
அந்த இடத்து மயிர்கள் சாயும்.

தலைமயிரை நினைக்காதீர்கள்.
படிக்கட்டாய் நெட்டையும் குட்டையும் நிற்கும் கற்றை.
குட்டையின் உச்சியிலிருந்து
நெட்டையின் விலாவுக்கு ஒரு நூல்.
அணு ஒன்றிரண்டின் அகலம் சாய்ந்தால் போதும்,
நூல் இழுபடும்,
கதவு திறக்கும்,
பொற்றாசியம் பாயும்
(கற்றை நனைந்து நிற்கும் தண்ணீர் வேறு,
எந்தக் கடலிலும் இல்லாதது),
அடியில் கல்சியம் நுழையும்,
குமிழிகள் தம் சரக்கை
நரம்பின் வாயில் கொட்டும்.
அந்த இடத்தோடு
சத்தம் சத்தமாயிருப்பது முடிகிறது.
அதற்கப்பால் துடிப்பு, துடிப்பு,
இடைவெளி, துடிப்பு.
மூளை
ஒருநாளும்
ஒரு சத்தத்தையும் கேட்டதில்லை.

பிறக்கும்போது எண்ணித் தந்த கற்றைகள்.
முறிந்தால் முறிந்ததுதான்.
வெளியே வேம்பில் கத்தும் காகத்துக்கு
மறுபடி முளைக்குமாம்.

"எப்படி நடந்தது?"
"இடி."
"மழைக்காலமோ?"
"இல்ல... ஓம். மழதான்."
இந்த வருடம் எனக்கு வந்த ஐந்தாவது இடி.
ஐந்தும் தண்ணீருக்குள்தான் விழுந்திருக்கின்றன,
மயங்கி மிதக்கும் மீனைப் பொறுக்க
ஆள் இறங்கிய பிறகு,
படகிலிருந்த யாரோ அவசரப்பட்டு
இன்னொரு திரியைப் பற்றவைத்தபோது.
காரணம் என்ற கட்டத்தில்
இடி என்று எழுதினேன்.

அவர் எழும்பவில்லை.
"மகள்ர பேரு ஷஃப்னா.
அவ பேரச் சொன்னா எனக்கு
'அனா' எண்டுதான் கேக்குது.
விளையாடுறாளெண்டு நினைச்சு
ரெண்டு தரம் ஏசிப்போட்டன்."

ச, ஸ, ஷ, ஃப.
எல்லாம் அந்தக் கிணற்றின் ஓரத்து எழுத்துகள்.
வாயைப் பைலால் மறைத்துக்கொண்டு
"சீனி" என்றேன்.
"ஈனி."
"சோறு."
"ஓறு... ஆறு?"
"உப்பு."
"உப்பு!" என்றார் உடனே,
அறை முழுக்க,
சோதினை பாஸானவர்போல.

மெஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.
பட்டியலில் போட்டிருக்கிறேன் என்றேன்.
தலையாட்டினார்.
கேட்டுத்தான் ஆட்டினாரோ
எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தேன்.
ஜெனரேற்றர் உள்ளே வந்தது.
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்,
அதில் இரண்டு 'ஸ' இருந்தது.

எழும்பி வந்தது வேறொருவர்.