அனாமத்துக் கணக்கு

முதலில் கைபேசியைத்தான் எடுத்தேன்,
கால்குலேட்டரை அல்ல.
சூட்டில் அச்சாகும் ரசீதுத்தாள்
நாள்பட நாள்பட வெளுத்துவிடும்.
மத்தி மீன் வந்த நீலப் பெட்டியில்
அதேரித்து நான்கு வருடங்களைக் கொட்டி வைத்திருந்தார்.
பாதி ஏற்கெனவே வெள்ளை.
மிச்சத்தை மேசையில் நீவி நீவிப் படம் பிடித்தேன்,
விரலில் டீசல் ஏறும்வரை.

செசிம்ப்ரா துறைமுகத்தின் பின்சந்து.
படகு எஞ்சினைக் காதால் கேட்டே
எந்த வால்வு என்று சொல்லிவிடுகிற மனிதர்.
போன மாதம் எவ்வளவு வந்தது என்றேன்.
"நல்லாத்தான் வந்தது" என்றார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இவர் கடலில் போட்டவர்.

வங்கியிலிருந்து நாற்பத்தெட்டு மாதத் தாள்கள் கேட்டேன்.
அலமாரிச் சாவி தொலைந்த கதையை
அரை மணி நேரம் சொல்லிவிட்டு வாங்கி வந்தார்.
ஒரே கணக்கு, ஒரே குட்டை:
மகள் ரோசால்வாவின் பல் கம்பி,
வெண்கல ப்ரொப்பெல்லர்,
மாமியார் சவப்பெட்டிக்குப் பூ,
இரண்டு பீப்பாய் எஞ்சின் எண்ணெய்,
பிரேசிலில் யாருக்கோ அறுபது யூரோ.
வீட்டுக்கு மஞ்சள் பேனா, கடைக்குப் பச்சை.
புதன்கிழமைக்குள் மஞ்சள் தீர்ந்துவிட்டது.

நாளைக் காலை முதல் வேலையாகக்
கடைக்கென்று தனிக் கணக்கு திறங்கள் என்றேன்.
இதைவிடக் கூரான கருவி என் பையில் இல்லை.
"இருக்கிற ஒன்றிலேயே ஒன்றுமில்லையே" என்றார்.

நட்டு டப்பாவில் நாணயம்,
நாணய டப்பாவில் நட்டு.
காலையில் ஐம்பது யூரோ போடுங்கள்,
மாலையில் ரொக்கமும் துண்டுச் சீட்டும் சேர்ந்து
அதே ஐம்பது இருக்கவேண்டும்.
முதல் நாள் ஐம்பத்தொன்று இருந்தது.
பெருமையாகக் காட்டினார்.

பிறகு பேரேடு. பற்று இடது, வரவு வலது.
மே மாதம் ஐம்பத்துநான்கு யூரோ உதைத்தது.
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
பணத்தைத் தேடுமுன் இலக்கத்தைத் தேடு,
இரண்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.
தொழில் பழகிய வருடம்
நானே கண்டுபிடித்ததாக நினைத்து
ஊரெல்லாம் சொல்லி அசடு வழிந்த விதி.
871 என்பதை 817 என்று எழுதியிருந்தார்.
பென்சில். எப்போதும் பென்சில்.

எந்தத் தலைப்பிலும் உட்காராதவற்றுக்கு
அனாமத்து என்று ஒரு தலைப்பு.
யாரென்று தெரிந்தபின் உள்ளே அழைக்கலாம்,
அதுவரை வாசலில் நிற்கட்டும்.
மாதா மாதம் எட்டாம் தேதி
முந்நூற்றைம்பது யூரோ அங்கே வந்து நின்றது.
நாற்பத்தெட்டு முறை.
எஞ்சினுக்குள் தலையை விட்டபடி
"அதுவா? பெல்மீரு. பின்முற்றத்தில் வலை போட்டு வைக்கிறான்.
அதெல்லாம் வருமானமா?" என்றார்.

அன்றிரவு கடைசி வரியைக் கூட்டினேன்,
இரண்டு முறை,
கால்குலேட்டரின் காகிதச் சுருள் தரைக்கு இறங்கும்வரை.
பழுது பார்த்ததில் நான்கு வருடமும் நட்டம்.
உதிரிப் பாகத்தை வாங்கிய விலைக்கே கொடுத்து,
குனிந்து கிடந்த மணிகளுக்கு விலையே போடாமல்.
கடையைத் தூக்கி நிறுத்தியிருந்தவை
ஈர வலைகள்.

தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.
படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.
"தப்பு இருக்குமோ?"
ஒன்பதால் வகுத்தும் பார்த்துவிட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே வலைக்குவியல் மேல்
ஒரு கடற்காகம், பத்திரம் வைத்திருப்பது போல.

"அப்போ நான் மெக்கானிக் இல்லை."
மெக்கானிக்தான், விலை சொல்லக் கூச்சப்படுகிற மெக்கானிக் என்றேன்.
ஆறுதலாகச் சொன்னேனா, குத்திச் சொன்னேனா,
எனக்கே தெரியவில்லை.
அதையும் அனாமத்தில் எழுதிக்கொண்டேன்.

என் கட்டணம் நூற்றெண்பது.
கிரீஸ் விரலால் எண்ணிக் கொடுத்தார்.
பையை மூடிவிட்டு நிமிர்ந்தால்
நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.
"ரசீது?"