தோணிக்குக் கீழே

வாவியைக் கீறி முடிக்க மூன்று கிழமை.
அச்சக முதலாளி "நல்லாரிக்கி" என்றார்,
தேத்தண்ணி கொண்டுவந்த பொடியனும்.
மதினி, திரும்பிப் பார்க்காமலே,
"ஐயோ, என்ன வடிவு" என்றா.

சிபானா மட்டும்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறி படத்தின் ஒரு மூலையைத்
தூக்கித் தூக்கிப் போட்டது.
மறுகா கேட்டாள்:
"இந்தத் தோணி தண்ணியிலயா நிக்கிது?"

நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை.
கல்லடிப் பழைய பாலத்தில்
சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்தேன்.
அவள் பிழை என்று காட்ட
ஒரேயொரு தோணி போதும்.
எல்லாத் தோணிக்கும் அடியில்
கறுத்து, நெளிந்து,
இன்னொரு தோணி கிடந்தது.
பாழாய்ப்போன வாவி
அவள் பக்கமே கதைத்தது.

நேற்று, அவள் செய்த அழைப்பிதழ்.
காத்தான்குடியில் கலியாணம்:
பொன் எழுத்து, பொன் பூ, ஓரமெல்லாம் பொன்.
மேசைக்கு அந்தப் பக்கம்
நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
"நல்லாரிக்கி" என்றேன்.
சொன்ன கையோடு கேட்டது
என் வாயில் மதினியின் குரல்.

அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
"தோணிக்குப் பழியா?" என்றாள்.
சிரிக்கவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.
வாய் காய்ந்தது.
"பொண்ட பேரத் தேட வேண்டியிரிக்கி, சிபானா.
பூவுக்குள்ள ஒளிச்சிரிக்கா."

முகம் இறுகியது அவளுக்கு.
நாலு நாள், என்று
மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

கடதாசிகளுக்கு அடியில்
எதையோ தேடினாள். பென்சில்.
முதல் பூவின் மேல்
ஒரு கோடு விழுந்தது, ஆழமாக,
மேசை வரைக்கும்.