செத்துக் காட்டு

சோர்செலேயில் நவம்பர் மாதப் பகல்
ஈரத் தீக்குச்சி.
உரசி முடிப்பதற்குள் போய்விடும்.
அதிகாலை மூன்றரைக்கு
நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில்
செய்தித்தாள் போடுகிறவள் நான்.
என்னைவிட ஆறு வயது இளையது
என் வோல்வோ.

எங்கே நிற்கும் என்று
அதற்கே தெரியாது.
ஆற்றுப்பாலத்தில் ஒருநாள்.
மரம் ஏற்றிய லாரி பின்னால் வர
தண்டவாளத்தின் மேலேயே ஒருநாள்.
கை நடுங்கச் சாவியை மறுபடி திருகினால்
ஒன்றுமே நடக்காததுபோல் உறுமும்.
பிடிபட்ட கள்ளனுக்குக்கூட
இவ்வளவு அப்பாவி முகம் வாய்க்காது.

ஸ்டூருமான் பட்டறைக்கு
இரண்டு முறை கொண்டுபோனேன்.
மருத்துவர் வாசலை மிதித்ததும்
இறங்கிவிடும் காய்ச்சல்போல
அங்கே மணிக்கணக்காக ஓடியது.
பம்ப்பை மாற்றினார்கள்.
ரிலேவை மாற்றினார்கள்.
பில்லை நீட்டினார்கள்.
திரும்பும் வழியில்
பதினான்காவது கிலோமீட்டரில் நின்றது.
விளக்கு வெளிச்சத்தில் ஒரு கலைமான்
என்னைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
இருவரிடமும் சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்வீட்டு எஸ்கில் வெல்டர்.
பிறவியிலேயே காது கேளாது.
எனக்குத் தெரிந்த சைகைகள் இருபது இருக்கும்:
காபி, பனி, பொறு, முட்டாள்
இப்படி.
சத்தம் கேட்காமல்
எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று
நான் கேட்கவில்லை.
கேட்கும் அளவுக்குச் சைகை போதாது.
அட்டைப்பெட்டி மடிப்பில் அவன் எழுதினான்:
'ஓடும்போது தெரியாது.
நின்ற பிறகும் தெரியாது.
சாகிற நொடியில்
நம் கை அங்கே இருக்க வேண்டும்.'

கொட்டகைக் கதவை விரியத் திறந்து வைத்தோம்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
நான் உள்ளே உட்கார்ந்து
ஆக்சிலேட்டரைக் கால்விரலால் தொட்டபடி.
அவன் இடது உள்ளங்கை பானெட்டின் ஓரத்தில்.
வலது கையில் என் சமையலறை மரக்கரண்டி.
ஒவ்வொரு கம்பியாக
அதன் காம்பால் அசைத்தான்,
தூங்குகிற குழந்தையின் பாக்கெட்டைத் துழாவுவதுபோல.

ஃபியூஸ் பெட்டி. ஓடியது.
காயில். ஓடியது.
எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி
மாட்டினோம். அப்போதும் ஓடியது.
என் பாதம் மரத்துப்போனது.
செத்துக் காட்டேன், சனியனே என்று
ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கிளம்பும்
மூன்று மெல்லிய கம்பிகளைக்
கரண்டி தொட்டபோது
எஸ்கிலின் உள்ளங்கை துள்ளி எழுந்தது.
மௌனம் என் காதுக்கு வந்தது
அதற்குப் பிறகுதான்.

என்ஜின் செத்ததற்காக
வாழ்வில் முதன்முறையாகக் கைதட்டினேன்.
மறுபடி ஓட்டினோம். தொட்டான். செத்தது.
இன்னொரு முறை, வெறும் சந்தோஷத்துக்காக.

நகத்தால் அவன் கீறியதும்
கம்பியின் உறை
ரஸ்க் தூளாக உதிர்ந்தது.
உள்ளே பச்சை பூத்த செம்பு,
அம்மணமாக இரண்டு இழைகள்.
மேட்டில் என்ஜின் சற்று முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன.
அவ்வளவுதான்.
அதற்குத்தான் பம்ப், ரிலே,
என் அக்டோபர் சம்பளம்.

வெட்டி எறிந்து புதுக்கம்பி இழுத்தான்.
ஈயம் உருகிப் புகைந்தது.
ரப்பர் உறையைச் சுருக்க
என் தலைமுடி உலர்த்தியைக் கேட்டான்.
காசு நீட்டினேன்.
'முட்டாள்' என்றான் விரலால்.
பிறகு 'காபி'.

மறுநாள் நூற்றுப் பன்னிரண்டும்
நிற்காமல் முடிந்தன.
ஆனாலும் தண்டவாளம் நெருங்கியதும்
மூச்சை நானே நிறுத்திக்கொண்டேன்,
அடுத்த நாளும்,
அதற்கடுத்த நாளும்.
அதை எந்தக் கரண்டியால் அசைத்துப் பார்ப்பது?

மரக்கரண்டி
இன்னும் எஸ்கிலிடம்தான் இருக்கிறது.
இருக்கட்டும்.
பெட்ரோல் வாடை போகாது.