நூற்றுக்குப் பதினெட்டு

சாவிக்கொத்து, பல்செட்டு, அரைஞாணில் கோத்த தாயத்து,
இரும்பென்று எது இருந்தாலும் வெளியே வையுங்கள்.
ஒரு ராத்திரிக்கு எட்டுத் தடவையாவது சொல்லிவிடுகிறேன்.
பொன்னுரங்கம் என்னைப் பார்த்தபடி கிடந்தார்.
பேச்சு போய் ஐந்து மணி நேரம்.
"கண்டக்டரு. பல்லவன் காலத்துல சேந்தவரு.
இன்னும் ஏழு மாசம் சர்வீஸ் இருக்குது"
என்றாள் சந்திரமதி, நான் கேட்காமலே,
காக்கிச் சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்து.

தண்டையார்பேட்டை டிப்போவில் விழுந்தவரை
அப்படியே அள்ளி வந்திருந்தார்கள்.
பைகளைத் துழாவி ஒரு கிண்ணம் சில்லறை எடுத்தேன்.
போதாது போலிருக்கிறது.
பலகை உள்ளே நகர்ந்தபோது
கால்சட்டை மடிப்பிலிருந்து ஒற்றை ரூபாய் எழும்பிப் பறந்து
காந்தத்தின் வாயில் டங்கென்று ஒட்டியது.
அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது.
சிரிப்பாகவும் இருக்கலாம்.

நாணயத்தைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு
படம் எடுத்தேன்.

தண்ணீர் ஓடுகிற இடம் கறுப்பாகத் தெரியும்,
ஓட முடியாமல் தேங்கிய இடம் வெள்ளையாக.
வியாசர்பாடி சுரங்கப்பாதையை
டிசம்பரில் பார்த்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை.
இடது பக்கம், ஆழத்தில், புளியங்கொட்டை அளவு வெள்ளை.
அதன் வழியாகத்தான் கைக்குப் போகிற நரம்புப் பாதை.
கணினி அதை நீல நூலாக வரைந்து காட்டுகிறது.
வலப்பக்க நூல் தடித்து இறங்கியது.
இடப்பக்க நூல் வெள்ளைக்குள் போனது,
வெளியே வந்தபோது இரண்டு மூன்று இழைகள்.

டாக்டர் ஃபர்ஹானாவின் ஆய்வில் அவர் நாற்பத்தொன்றாவது ஆள்.
நிரல் மூன்று நிமிடம் யோசித்து எண் சொன்னது:
தொண்ணூறாம் நாள் வலது கை பொருளைப் பிடிக்க
நூற்றுக்குப் பதினெட்டு.

"படத்துல இன்னா தெரியுது தம்பி?"
டாக்டர் சொல்வாங்க.
எனக்கு அனுமதித்த ஒரே வாக்கியம் அது.
பதினெட்டு என்பது ஒன்றுமில்லாததா, ஏதோ இருப்பதா
என்று எனக்கே தெரியவில்லை என்பதும் உண்மை.
நூறு பொன்னுரங்கங்களை வரிசையில் நிறுத்தினால்
பதினெட்டுப் பேர் டம்ளர் தூக்குவார்கள்.
அவளிடம் இருந்தது ஒருவர்.

தொண்ணூறாம் நாள் வந்தார்கள்.
நடந்து. வலது காலை வட்டமடித்து வீசி.
வலது கை நெஞ்சோடு முடங்கி, விரல்கள் இறுகி மூடி.
புறநோயாளிச் சீட்டை நீளவாக்கில் மடித்து
அந்த விரல்களுக்கு இடையில் சொருகியிருந்தாள்,
பத்து ரூபாய் இருக்கும் இடம், இருபது இருக்கும் இடம்
என்று அவர் ஒருகாலத்தில் வைத்திருந்த மாதிரியே.

"உங்க பேர் என்ன?"
வாய் திறந்து மூடியது.
"இது என்ன?" பேனா.
மூடியது.
"சரி, ரைட் கையத் தூக்குங்க."
"ரைட்" என்றார்.
தெளிவாக, கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில்.
கை அசையவில்லை.
"ரைட், ரைட். உள்ள போ, உள்ள போ, படிய வுடு."
வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருவர் நிஜமாகவே நகர்ந்து உட்கார்ந்தார்.
சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
பிறகும் பொத்தியே வைத்திருந்தாள்.

டாக்டர் எழுதினார்: கை, கணிப்பு சரி.
பேச்சு, பழக்கச் சொற்கள் மட்டும். மதிப்பெண் இல்லை.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது, அவர் என்ன செய்வார்.
முப்பத்தெட்டாம் எண்காரிக்கு எண்பத்தாறு சொல்லியிருந்தோம்.
அவள் வரவில்லை.
போனை எடுத்த பையன் யாரு யாரு என்று கேட்டு வைத்துவிட்டான்.

மறுபடி படம். பைகளை இரண்டு முறை பார்த்தேன், காலி.
அந்த ரூபாயைச் சந்திரமதி கையில் கொடுத்தேன்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
பொத்தானில் விரல் வைத்து அவரைப் பார்த்தேன்.
கூரையைப் பார்த்தபடி,
"போலாம்" என்றார்.
பலகை நகர்ந்தது.