ஒரு மாத்திரை

கலிம்னோஸ் தீவில், துறைமுகத்துக்குப் பின்சந்தில்
தெமெலினா ஒரு தகரக் கால் வாங்கினாள்.
சுண்டுவிரல் நீளம். முழங்காலுக்குக் கீழே மட்டும்.
கடைக்காரன் ஜோடியாகவும் வைத்திருந்தான்.
கையிலிருந்த காசு ஒன்றுக்குத்தான் ஆனது.

கடற்பஞ்சு அறுக்க முப்பது பாகம் இறங்கி
அவசரமாய் மேலே வந்த சகெல்லாரிஸ்
இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தான்.
அவள் அந்தக் காலை
தூய நிக்கோலாவின் படத்துக்கு மேலே
நீல நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

மேலே வைத்தது.
அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள்.
அனா என்றால் மேல்; மிச்சம், வைத்தல்.
போரில் தப்பியவன் கேடயத்தை,
கரை சேர்ந்தவன் துடுப்பை
கோயில் சுவரில் ஏற்றிவிட்டால் அது
அனாதேமா.
இனி எந்தக் கையும் அதனிடம் வேலை வாங்காது.
பழைய கிரேக்கத்தில் அந்தத் தே நெடில்
(இன்று அவர்கள் வாயில் அது தி ஆகிவிட்டது).

யாரோ அதைக் குறுக்கினார்கள்.
அனாதெமா.
கடவுளுக்கென்று விட்டு
உப்புக்கல் மிஞ்சாமல் அழித்த ஊருக்கு,
பிறகு சபை தள்ளிவைத்த மனிதனுக்கு.
நமக்கென்ன, புரியாததா?
நேர்ந்துவிட்ட கிடாய்க்கு
மாலையும் உண்டு, நாளும் குறித்தாயிற்று.

சகெல்லாரிஸ் எழுந்தான்.
வலது கால் ஊன்றியது, இடது இழுத்தது.
யாரும் தூயரிடம் முறையிடவில்லை,
கொடுத்தது ஒன்றுதானே.
இரண்டு கோடை கழித்து மறுபடி கப்பல் ஏறினான்.
பெங்காசிக்கு அப்பால் எங்கேயோ.
கேப்டன் கொண்டுவந்து கொடுத்தது
ஒரு ஜோடிச் செருப்பும் கணக்குச் சீட்டும்:
முன்பணத்தில் பாக்கி, பதினோரு திராக்மா.

தெமெலினா ஏணி கேட்டாள்.
"ஏற்றினதை இறக்கக் கூடாதம்மா" என்றார்
மணியடிக்கும் பண்டெலிஸ்,
தரையில் மெழுகு சுரண்டியபடி.
அவள் வாதாடவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி
ஒரே சொல் சொன்னாள்.

கப்பலையா, காற்றுக் குழாயையா,
படத்தில் இருந்த தாடிக்காரரையா, தெரியாது.
பண்டெலிஸ் சிலுவை இட்டுக்கொண்டார்.
சாயங்காலத்துக்குள் மீன் சந்தை முழுக்க
அவள் சபித்த கதை.

குறிலாகத்தான் தொடங்கினாள்.
நடுவில் அந்த எழுத்து அழுகையில் இழுபட்டு
ஒரு மாத்திரை கூடுதலாய் நின்றது.
திறந்த கதவின் காற்றில்
நீல நூல் மெல்ல முறுக்கவிழ,
தகரக் கால் சுற்றி வந்து
பாதத்தை வாசல் பக்கம் வைத்தது.