எட்டுதான்

பயான் லெப்பாஸ். இரவு ஒன்றே முக்கால்.
ஏர்கான் இரைச்சலுக்குள் நான்,
ஆணியில் தொங்கும் ஒரு பொட்டலம் தே ஓ,
ஒரு சர்வர்.

பதினாறு என்று சொல்லி விற்ற இயந்திரம்
எட்டு என்கிறது.
எல்எஸ்சிபியு தட்டினேன்.
ஒரு கோருக்கு ஒரு திரெட்.
மறுபடி தட்டினேன்,
கொஞ்சம் உரக்கக் கேட்டால்
பதில் மாறிவிடும் என்பதுபோல.

முதல் சந்தேகம் பயாஸ் மேல்.
அணைத்து, எழுப்பி,
திரை கண்விழிக்கும் அந்த ஒரு நொடிக்குள்
டெலீட் விசையைக் குத்திக் குத்தி
மூன்றாம் முறைதான் கதவு திறந்தது.
ஹைப்பர் திரெடிங்: எனேபிள்ட்.
நீலத் திரை. ஒரு குற்றமும் செய்யாத முகம்.

அடுத்த சந்தேகம் சிப் மேல்.
அதை நான் விரும்பவில்லை.
எதிர்ச்சாலைத் தொழிற்சாலையில்
சிப் சோதிக்கும் வரிசையில் நிற்பவள் லோகேஸ்வரி.
சுங்கை நிபோங்கில் எங்களுக்கு ஒரே அறை, ஒரே கட்டில்.
அவளுக்குப் பகல் ஷிஃப்ட், எனக்கு இரவு.
வாடகை பாதி. மெத்தை ஆறுவதே இல்லை.
ஒரே உறையில் இரண்டு கத்தி ஆகாது என்பார்கள்.
வீட்டுக்காரர் ஊய்க்கு அந்தப் பழமொழி தெரியாது.

தலையணை ஈரத்தை வைத்தே
நேற்று அவள் வீட்டுக்குப் போன் பேசினாள் என்று எனக்குத் தெரியும்.
என் துண்டின் வாடையில்
நான் மறுபடி சிகரெட் தொட்டதை அவள் பிடித்திருப்பாள்.
முகம் பார்த்துக்கொள்வது ஞாயிறு மட்டும்.

சரி, கெர்னலிடம் போனேன்.
எஸ்எம்டி கன்ட்ரோல் என்றொரு கோப்பு,
உள்ளே ஒரே சொல்: ஆஃப்.
கெட்டுப்போகவில்லை. யாரோ அணைத்திருக்கிறார்கள்.
க்ரப் கோப்பின் நீண்ட வரியில்
குவையட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது
நோ-எஸ்-எம்-டி.
ஆங்கிலத்தில் எண்ணினால் ஐந்தெழுத்து.
ஓதிவிட்டுப் போயிருக்கிறான் எவனோ.
மேலே ஒரு குறிப்பு:
'ஜாங்கான் உசிக். ஹெச்.எஸ்.'
தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா?

ஹாக் செங் இப்போது கூலிமில்.
பதில் உடனே வந்தது, அவனும் ராப்பிராணி.
பாதி மலாய், பாதி ஆங்கிலம். தமிழில் இப்படி வரும்:
'ரெண்டு கம்பெனி வேலை ஓடுது அதுல.
ஒரே கோர்ல ரெண்டு திரெட் படுத்தா
ஒண்ணு மூச்சு விடுறது
இன்னொண்ணுக்குக் கேக்கும் லா.'

சுவருக்குக் காது உண்டு, சரி.
இங்கே சுவரே இல்லை.
ஒரே கேஷ். ஒரே தட்டில் இருவர் சாப்பாடு.
மற்றவன் எந்தக் கறியைத் தொட்டான் என்று
கை வைத்ததும் சூடு சொல்லிவிடும்.

அந்தக் கோப்பில் 'ஆன்' என்று எழுதினால் போதும்,
ரீபூட்கூட வேண்டாம்.
எழுதினேன்.
என்டர் தட்டவில்லை.
தே ஓவை உறிஞ்சினேன், ஸ்ட்ராவில் காற்றுதான் வந்தது.
அழித்தேன்.

ஹெச்.எஸ்-க்குக் கீழே ஒரு வரி:
'பழுது இல்லை. இரண்டு குடித்தனம். தி.மா.'

ஆறரைக்கு முதலாளி கேட்டார்: பதினாறு ஆச்சா?
எட்டுதான்.
ஏன்?
பதில் எழுத ஆரம்பிக்கும்போது பஸ் வந்துவிட்டது.
இந்நேரம் லோகேஸ்வரி கிளம்பியிருப்பாள்.

இன்றைக்குத்
தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப்
படுக்க வேண்டும்.